முடி இல்லாத மான்

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் பாதி வண்டி ரத்தத்தோடுதான் கழுவ வரும். மான் வேட்டைக் காலம். எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறவன், பள்ளிக்கூட வாத்தியார், வங்கிக்காரன் என்று வித்தியாசம் கிடையாது. சனி ஞாயிறு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போவான், சுட்டதை ட்ரக்கில் போட்டுக்கொண்டு வருவான், திங்கட்கிழமை காலை என் பட்டறை வாசலில் நிற்பான். "டெல்ஃபினா, பெண்டாட்டி பார்க்கறதுக்குள்ள கழுவிக் குடு" என்று பல்லைக் காட்டுவான். ரத்தம் எனக்குப் புதிது இல்லை. குளிர்ந்த தண்ணீரால்தான் எடுக்க வேண்டும், வெந்நீர் பட்டால் துணியிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும் என்பதை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ரத்தத்தைவிட முடிதான் எங்கள் உயிரை வாங்கும். மான் முடி உள்ளே பொள்ளலாக, மொரமொரவென்று இருக்கும். சீட் துணிக்குள் குத்திக்கொண்டு இறங்கிவிடும். வாக்யூமுக்கு வராது. காற்றுக் குழாயால் ஊதி, ரப்பர் சீப்பால் சுரண்டி, மிச்சத்தை விரலால் ஒவ்வொன்றாகப் பிடுங்கியாக வேண்டும். அதனால் எங்களிடம் ரத்தத்துக்கு ஒரு கூலி, முடிக்குத் தனிக் கூலி.

விலை சொல்வது என் தம்பி எலிசெயோவின் வேலை. என்னிடம் விட்டால் ஆளைப் பார்த்து விலை சொல்வேன், திமிர் பிடித்தவனாக இருந்தால் நூறு டாலர் கூட வைப்பேன். அவன் அப்படி இல்லை, கறார் பேர்வழி. வண்டிக்காரனையும் கூட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றிவருவான், ஒவ்வொரு கறையையும் விரலால் தொட்டுக் காட்டி இதற்கு இவ்வளவு, அதற்கு இவ்வளவு என்பான். வேலை முடிந்ததும் மறுபடி ஒரு சுற்று. எதற்காகக் காசு கேட்டோமோ அது வண்டியில் இல்லாமல் போனால், வண்டிக்காரன் கண்ணெதிரேயே அந்தத் தொகையை அடித்துக் கழித்துவிடுவான்.

இந்த வழக்கம் வந்ததே மார்லிஸ் டாக்கெட்டால்தான். எண்ணெய்க் கிணறு பழுதுபார்க்கும் கும்பலுக்கு மேஸ்திரியாக இருக்கும் ராய்ஸ் டாக்கெட்டின் பெண்டாட்டி. இரண்டு வருடம் முன்னால் அவர்கள் ட்ரக்கைக் கொண்டுவந்தபோது எலிசெயோ நாய் முடிக்கென்று ஒரு தொகை சேர்த்துவிட்டான். புது மிதியடியிலிருந்து உதிர்ந்த பஞ்சு அது. அந்தம்மா பட்டறை நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாயே இல்லாத வீட்டுல நாய் முடிக்குக் காசா? நான் என்ன குரைச்சேனா?"

எலிசெயோ வெட்கப்பட்டுப் போனான். அன்றிலிருந்து இந்தச் சட்டம். அந்தம்மா அதன் பிறகும் விடவில்லை. மாதம் ஒருமுறை வருவாள், கண்ணாடியில் ஒரு கோடு இருக்கிறது என்று ஐந்து டாலர், சாம்பல் கிண்ணத்தைத் தொடவில்லை என்று ஐந்து டாலர் என்று கறந்துகொண்டு போவாள். எலிசெயோவுக்கு அவள்மேல் ஒரு மரியாதை. "அவங்களுக்குக் கண்ணு இருக்குக்கா" என்பான். எனக்கு அந்தம்மாவைக் கண்டாலே ஆகாது. வாசலில் அவள் தொப்பி தெரிந்தால் நான் பின்பக்கம் போய் வாளி கழுவுவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ட்ரக் வந்தது, தொப்பி வரவில்லை. ராய்ஸே ஓட்டிக்கொண்டு வந்தான். ஆறடிக்கு மேல் ஆள், கழுத்து என் இடுப்பளவு இருக்கும். இறங்கின வேகத்தில் வாசலில் இருந்த சோப்பு வாளியை உதைத்துத் தள்ளினான். தண்ணீர் என் காலணிக்குள் ஓடியது. வேறு நாளாக இருந்தால் வாளியை எடுத்து அவன் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். காசு கொடுக்காமல் ஓடப் பார்த்தவனின் முன் கண்ணாடியை இரும்புக் கம்பியால் உடைத்தவள் நான், ஊருக்கே தெரியும். ஆனால் அவன் மூஞ்சி அன்று சரியில்லை, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

"உள்ள ரத்தம். மான். இன்னிக்கே புதுசு மாதிரி ஆகணும்" என்றான்.

எலிசெயோ அவனைக் கூட்டிக்கொண்டு சுற்றினான். பின்பக்கம் சுத்தமாக இருந்தது. முன்னால், ஓட்டுகிறவனுக்குப் பக்கத்துச் சீட் முழுக்க ரத்தம். டாஷ்போர்டில் தெறித்திருந்தது, கதவுக் கண்ணாடியில் கை வைத்துத் தேய்த்த மாதிரி ஒரு பட்டை.

"என்ன சார், மானைப் பக்கத்துல உட்கார வெச்சுப் பேசிக்கிட்டே வந்தீங்களா?" என்று சிரித்தான் எலிசெயோ.

"பின்னாடி பைப் இருந்துச்சு. சின்னப் பெட்டை மான். தூக்கி சீட்ல போட்டேன். உனக்கென்ன அதைப் பத்தி?"

"எனக்கென்ன சார், விலை சொல்லணும்ல. உள்ளேயும் வெளியேயும் இருநூத்தம்பது. ரத்தம் நுரை வரைக்கும் இறங்கியிருக்கு, சீட்டைக் கழட்டணும், அதுக்கு நூத்திமுப்பது. மான் முடிக்கு எண்பது. நானூத்தி அறுபது ஆகுது."

"சரி."

அந்த வீட்டிலிருந்து பேரம் பேசாமல் ஒரு வண்டி உள்ளே வந்தது அன்றுதான். துப்பாக்கி இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொன்னேன், எல்லோரிடமும் சொல்வதுதான். இல்லை என்றான். அவன் விரல் முட்டிகள் தோலுரிந்து வீங்கியிருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "வடம் இழுக்கற வின்ச்சுல மாட்டிக்கிச்சு" என்றான்.

வண்டியை விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அவன் போகவில்லை. கல்லா மேஜை பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கடித்துக் கடித்துத் தரையில் துப்பிக்கொண்டிருந்தான். எங்கள் போன்கள் அவன் முழங்கை பக்கத்தில் இருந்தன. வேலைக்கு இறங்குமுன் மோதிரம், வாட்ச், போன் எல்லாவற்றையும் கழற்றி மேஜைமேல் தட்டில் போட்டுவிடுவோம். பெயின்டில் ஒரு கீறல் விழுந்தால் எங்கள் தலை போய்விடும்.

எலிசெயோ தரை விரிப்பை எடுத்துக்கொண்டான், நான் சீட்டை எடுத்துக்கொண்டேன். சீட்டைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு சீட் பெல்ட்டுக்கு வந்தேன். பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்து, திரும்பச் சுருண்டு போகாமல் ஒரு கிடுக்கி போட்டுவிட்டுத்தான் தேய்ப்போம். மற்றவர்கள் வெளியே தெரிகிற முழத்தை மட்டும் துடைப்பார்கள், நாங்கள் முழுக்க இழுப்போம்.

இழுத்தேன். வெளியே தெரிந்த பகுதியில் லேசான தெறிப்புதான். சுருளுக்குள் இருந்து வந்த பகுதி சொதசொதவென்று நனைந்திருந்தது. என் கையுறையெல்லாம் சிவப்பு. இன்னும் காயவில்லை.

அந்தப் பகுதி ஏன் நனைய வேண்டும்? யாராவது உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டால்தான் அது சுருளைவிட்டு வெளியே வரும். நான் பெல்ட்டை என் மார்மேல் குறுக்கே வைத்துப் பார்த்தேன். தோளில் ஆரம்பித்து மார்பு வழியாக இறங்கியிருந்தது ரத்தம். மான் பெல்ட் போடாது.

மார்லிஸ். குரைச்சேனா என்று கேட்ட வாய். அவள் உயரம் என் உயரம்தான். அவளாகவே பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பழக்கதோஷம். ஓட்டிக்கொண்டே இவன் அடித்திருக்கிறான், அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். பெல்ட்டில் கட்டிப்போட்ட ஆள் எங்கே ஓடுவாள்? ரத்தம் ஈரமாக இருக்கிறது என்றால் இன்று காலை நடந்தது. உயிர் இருந்தாலும் இருக்கும்.

பிடிக்காத பொம்பளைதான். அதற்காக இப்படியா?

கிடுக்கியை எடுத்தேன். பெல்ட்டைக் கழுவாமலே சுருளுக்குள் விட்டுவிட்டேன். கையுறையைக் கழற்றிப் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டு மேஜைப் பக்கம் நடந்தேன்.

"என்ன வேணும்?" என்றான் ராய்ஸ். போன் தட்டின்மேல் அவன் கை தானாகப் போய் உட்கார்ந்தது.

"மணி பார்க்க வந்தேன்."

"மணி பதினொண்ணு. போய் வேலையைப் பாரு."

திரும்பி வந்தேன். பின்பக்கம் கதவு கிடையாது, தகரச் சுவர். வாசல் அவன் பக்கத்தில். நான் வெளியே ஓடினால் எலிசெயோ உள்ளே மாட்டிக்கொள்வான். இவன் வண்டியை எடுத்துக்கொண்டு தொலையட்டும், அவன் தெருவைத் தாண்டுமுன் ஷெரிஃபைக் கூப்பிடுகிறேன் என்று முடிவு பண்ணினேன். சீட்டை அள்ளித் தேய்த்தேன். தேய்த்த தேய்ப்பில் எலிசெயோவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, என்ன அவசரம்? ஓரத்துல இன்னும் கறை தெரியுது பாரு. இதுக்கா நூத்திமுப்பது வாங்கறோம்?"

"போதும்டா. சீட்டை மாட்டு."

"போதுமா? உனக்கு என்ன ஆச்சு?"

நான் அவன் பக்கத்தில் குனிந்து, "வாயைத் திறக்காம முழுக் காசையும் வாங்கிக்கிட்டு அனுப்பிடு, மீதியை அப்புறம் சொல்றேன்" என்றேன். அதற்குள் ராய்ஸின் பூட்ஸ் என் பக்கத்தில் வந்து நின்றது. என்ன ரகசியம் என்று கேட்டான். சோப்பு தீர்ந்துபோச்சு என்றேன். அதற்குமேல் தம்பியிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

சீட்டை மாட்டினோம். மெழுகு போட்டோம். ட்ரக் கல்யாண வண்டி மாதிரி மின்னியது. அதைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. ராய்ஸ் பணத்தை எண்ணி நீட்டினான். வாங்குடா, வாங்கித் தொலைடா என்று மனசுக்குள் கத்தினேன்.

எலிசெயோ வாங்கவில்லை. "ஒரு சுத்து பார்த்துடலாம் சார்" என்றான்.

"தேவையில்ல. காசைப் பிடி."

"இல்ல சார், இதுல எண்பது அதிகமா இருக்கு. முடின்னு சொன்னேன்ல, ஒரு முடி கூட இல்ல. காத்து ஊதிப் பார்த்தேன், சீட்டுக்கு அடியில பார்த்தேன், எங்கேயும் கிடையாது. முந்நூத்தி எண்பதுதான் நியாயம்."

"எலிசெயோ, அவர்தான் குடுக்கறாருல்ல, வாங்கிக்கோ" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

"நீ சும்மா இருக்கா. நாளைக்கு மார்லிஸ் அம்மா வந்து, இல்லாத முடிக்கு எதுக்குடா காசு வாங்குனேன்னு கேட்டா என்ன பதில் சொல்றது? என்னைக் கொன்னே போட்டுடுவாங்க." அவன் சிரித்துக்கொண்டே ராய்ஸ் நீட்டிய பணத்தை வாங்கி, அதிலிருந்து எண்பது டாலரைத் திருப்பி நீட்டினான். "எனக்கே ஆச்சரியமா இருக்கு சார். மான்னா முடி கொட்டாம இருக்குமா? தோலை உரிச்சிட்டுத்தான் ஏத்துனீங்களா?"

ராய்ஸ் அந்த எண்பதைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தான். "ஆமா. உரிச்சுட்டேன்" என்றான்.

தம்பி அத்துடன் விட்டிருந்தால் தப்பித்திருப்போம். அவன் விடவில்லை. அவனுக்குத் தெரியாது, பாவம், அவன் தமாஷ் பண்ணுவதாக நினைத்துக்கொண்டிருந்தான். "உரிச்ச மானையா முன் சீட்ல உட்கார வெச்சீங்க? மரியாதைக்கார மனுஷன் சார் நீங்க!"

ராய்ஸ் சிரிக்கவில்லை. அவன் எலிசெயோவைப் பார்க்கவும் இல்லை, என்னைப் பார்த்தான். நான் முகத்தை மாற்றிக்கொள்ளத்தான் பார்த்தேன், முடியவில்லை. நான் பொய் சொன்னால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அவன் என் முகத்தில் எல்லாவற்றையும் படித்துவிட்டான்.

வாசலுக்குப் போய் ஷட்டர் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். தகரம் கடகடவென்று இறங்கியது.

"சார், எதுக்கு அதை..." என்று எலிசெயோ கேட்டு முடிப்பதற்குள், சக்கர நட்டு கழற்றும் நீளக் கம்பியை ராய்ஸ் சுவரிலிருந்து உருவி வீசிவிட்டான். கம்பி தம்பியின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. தம்பி ட்ரக்கின் திறந்த கதவில் சாய்ந்து, விழாமல் இருக்கக் கதவின் சட்டத்தைப் பிடித்தான். ராய்ஸ் கதவை ஓங்கி உதைத்துச் சாத்தினான். விரல்கள் உள்ளே. கதவு பூட்டிக்கொள்ளவில்லை, ஏனென்றால் நடுவில் விரல்கள் இருந்தன. மறுபடியும் உதைத்தான்.

என் தம்பி கத்திய கத்தலை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

நான் அவன் முதுகின்மேல் பாய்ந்தேன். காதைக் கடித்தேன், உப்பும் ரத்தமும் வாயில் வந்தது. அவன் என்னைத் தலைக்குமேல் தூக்கி அலமாரிமேல் எறிந்தான். விலா எலும்பில் ஏதோ விட்டுப்போனது. மெழுகு டப்பா, சோப்புக் கேன், தூரிகை எல்லாம் என்மேல் கொட்டின. எழுந்திருக்கப் பார்த்தேன், மூச்சு வரவில்லை. அவன் கம்பியைத் தூக்கிக்கொண்டு எலிசெயோ பக்கம் திரும்பினான். தம்பி கதவில் தொங்கிக்கொண்டிருந்தான். விரல் மாட்டியிருந்ததால் கீழே விழக்கூட முடியவில்லை.

"யார் யாருக்குடா சொன்னே? சொல்லு, யாருக்குச் சொன்னே?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். முதுகில், காலில், விலாவில். தம்பிக்கு அவன் எதைக் கேட்கிறான் என்றே தெரியவில்லை. "முடி இல்ல சார், சத்தியமா முடி இல்ல" என்றுதான் அழுதான்.

என் கைக்கு மஞ்சள் கேன் தட்டுப்பட்டது. சக்கரத்தில் படிந்த துருவை எடுக்கிற ஆசிட். இரண்டு கையுறை போடாமல் நாங்களே தொட மாட்டோம், எதிர்க்காற்றில் நின்று தெளிக்க மாட்டோம். கேனின் விசையை நாலு முறை அடித்து அழுத்தம் ஏற்றினேன்.

"ராய்ஸ்" என்றேன்.

திரும்பினான். மூன்றடி தூரத்திலிருந்து கண்ணைப் பார்த்துத் தெளித்தேன். கேன் காலியாகிறவரைக்கும் கையை எடுக்கவில்லை.

கம்பி கீழே விழுந்தது. முகத்தைப் பிடித்துக்கொண்டு அவன் சுற்றிச் சுற்றி வந்தான், ட்ரக்கில் மோதினான், சுவரில் மோதினான். அப்போதும் என்னைத் தேடிக் கையை வீசினான். ஒரு வீச்சு என் தாடையில் பட்டு ஒரு பல் தெறித்தது. நான் தவழ்ந்து போய், தண்ணீரைப் பீய்ச்சியடிக்கிற பிரஷர் வாஷரின் குச்சியை எடுத்தேன். அதில் சிவப்பு முனை மாட்டியிருந்தது, சிமென்டில் ஒட்டின தாரைப் பெயர்க்கிற முனை. தண்ணீரை அவன் கையின்மேல் பீய்ச்சி அடித்தேன். தோல் தாள் மாதிரி கிழிந்து மடிந்தது. முழங்காலில் அடித்தேன். விழுந்தான்.

விழுந்தவன் கெஞ்ச ஆரம்பித்தான். "தண்ணி. கண்ணு எரியுது. டெல்ஃபினா, தண்ணி ஊத்து."

என் கையில் தண்ணீர்தான் இருந்தது. குச்சியைக் கீழே போட்டுவிட்டு ரப்பர் குழாயை எடுத்தேன். குழாயை அவனுக்குக் கேட்கும்படி தரையில் திறந்துவிட்டேன். அவன் சத்தம் வந்த பக்கம் ஊர்ந்து வந்தான். நான் பின்னால் நகர்ந்தேன்.

"அவ எங்க?"

"யாரு?"

"இன்னொரு தடவை யாருன்னு கேட்டே, குழாயை மூடிட்டுப் போயிடுவேன். கண்ணு உருகி வழியட்டும். மார்லிஸ் எங்க?"

"செத்துட்டா. தண்ணி ஊத்து."

"எங்கேன்னு கேட்டேன்."

"பழைய கல் குழி. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி. தள்ளி விட்டுட்டேன். டெல்ஃபினா, கடவுளுக்குப் புண்ணியமாப் போகட்டும், ஊத்து..."

அவன் தலைமயிரைப் பிடித்து நிமிர்த்திக் கண்ணில் தண்ணீரை விட்டேன். இரக்கம் என்று நினைக்க வேண்டாம். பேசிய பேச்சுக்குக் கொடுத்த கூலி அது. விடாமல் போயிருந்தாலும் எனக்கு வருத்தம் இருந்திருக்காது.

தம்பியின் விரல்களைக் கதவிலிருந்து நான்தான் எடுத்தேன். இரண்டு விரல் தோலில் தொங்கிக்கொண்டிருந்தன. அவனை மடியில் போட்டுக்கொண்டு போனில் கத்தினேன், கல் குழி, கல் குழி என்று. மூச்சு பிடித்தபோதெல்லாம் அதையே திரும்பச் சொன்னேன். ராய்ஸ் மூலையில் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். இரண்டு முறை எழுந்திருக்கப் பார்த்தான், இரண்டு முறையும் கம்பியால் முழங்காலில் போட்டேன்.

ஆம்புலன்ஸில் எலிசெயோவுக்கு ஊசி போட்டார்கள். அரை மயக்கத்தில் என்னைப் பார்த்து, "அவர் ஏன் அடிச்சாரு? நான் குறைச்சுத்தானே சொன்னேன்?" என்றான். பெல்ட்டைப் பற்றி அப்போதுதான் அவனுக்குச் சொன்னேன். கேட்டதும், "அவங்க கிடைச்சாங்களா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். அவன் அழுதான். அந்தப் பொம்பளைக்காக அவன் அழுவதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது. அப்புறம் பார்த்தால் என் கன்னமும் நனைந்திருந்தது.

பக்கத்து நகரமான ஒடெஸாவின் ஆஸ்பத்திரியில் தம்பியை அறுவைக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு விலாவில் கட்டுப் போட்டு, அவசரப் பிரிவில் திரைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வருகிற ஒவ்வொரு ஸ்ட்ரெச்சரையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியை முகம்வரை மூடிக்கொண்டு வந்தால் செத்துவிட்டாள், திறந்திருந்தால் இருக்கிறாள். அதுதான் கணக்கு.

நாலு மணி வாக்கில் ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. முகம் திறந்திருந்தது. முகம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஒரு கண் மூடிப்போய், உதடு பிளந்து, தாடை ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. தலைமயிரில் கல் தூள். தொப்பி இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை, அதனால் அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரமானது. நெஞ்சு ஏறி இறங்கியது.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எழுந்து ஓடினேன், விலா பிடுங்கியதைக்கூட மறந்துவிட்டேன். அவளைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் தடுக்கப் பார்த்தாள், என் வீட்டு மனுஷிதான் என்று பொய் சொன்னேன். மார்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது.

"மார்லிஸ், நான் டெல்ஃபினா. வண்டி கழுவற டெல்ஃபினா. நீ பொழைச்சுட்டே. இனிமே பயம் இல்ல."

திறந்திருந்த ஒரு கண் என்னைத் தேடிப் பிடித்தது. உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"ராய்ஸ் எங்க?"

"இங்கதான், மாடியில. போலீஸ் காவல்ல கிடக்கறான். உன் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டான். கண்ணு ரெண்டும் போச்சு அவனுக்கு. நான்தான் ஆசிட் அடிச்சேன்." சந்தோஷமான செய்தி சொல்கிற மாதிரிதான் சொன்னேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள் கை என் கையிலிருந்து உருவிக்கொண்டது. அந்தக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, ஊசி குத்தியிருந்த கையாலேயே என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். என் முகம் கட்டில் கம்பியில் மோதியது. நகத்தால் கன்னத்தைக் கீறினாள். உடைந்த தாடையோடு கத்தினாள், வார்த்தை குழறிக் குழறி வந்தது.

"பாவி! பாவி முண்டே! அவரு கண்ணை எடுத்துட்டியா? அவரு வேலைக்குப் போகலேன்னா வீட்டுல எது ஓடும்? உன்னை யாருடி கேட்டா? எங்க விஷயத்துல உன்னை யாரு கேட்டா?"

ரத்தத்தோடு துப்பினாள். என் நெற்றியில் விழுந்தது. இரண்டு நர்ஸ்கள் அவள் விரலைப் பிரித்தார்கள். ஒரு கொத்து மயிர் அவள் கையோடு போனது. கட்டிலில் அமுக்கிப் பிடித்தபோதும் அவள் ராய்ஸ், ராய்ஸ் என்றுதான் கத்திக்கொண்டிருந்தாள்.

என் தம்பியின் இரண்டு விரலை அந்த நேரம் மாடியில் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு பல் இல்லை. அவ்வளவு கோபம் எனக்கு ராய்ஸ்மேல்கூட வரவில்லை. நர்ஸை ஒதுக்கித் தள்ளிவிட்டு அவளை அறையக் கையை ஓங்கினேன்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்த முகத்தில் எங்கே அறைவது? அடி விழாத இடம் ஒரு விரலளவு கூட இல்லை.